ஏவுகணைக்குக் காட்டிய ஒளி

முன்னணி முகாம்
4 ஜூன் 1999

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகன் ஏனோக் எழுதுவது. ஸ்தோத்திரம். நான் உயிரோடு இருக்கிறேன். ஐடாவிடம் அதை மட்டும் சொல்லுங்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி, மற்றதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நேற்று இரண்டு ஹெலிகாப்டர்களில் போனோம். முன்னால் போனதில் தசரதன் இருந்தான். நம் கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீஃப்காரன், இங்கே எனக்குப் பக்கத்துக் கட்டில். முகட்டைத் தாண்டும்போது பாறை இடுக்கிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு ஏறியது. ஏவுகணையை ஏமாற்ற உதிர்க்கும் நெருப்புக் குண்டுகளை அவர்கள் முதல் சுற்றிலேயே தீர்த்திருந்தார்கள். கோடு நேராக என்ஜினில் போய் முட்டியது. வால் தனியாகப் பிய்ந்தது. கதவோரம் துப்பாக்கியோடு இருந்த தசரதன் எரிந்துகொண்டே விழுந்தான். பாதி தூரம் வரை கை ஆடியது. சாயங்காலம் பொறுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு பூட்ஸுக்குள் கால் இருந்தது. கிடைத்த மற்றதைப் போர்வையில் சுருட்டினோம். தூக்கியபோது போர்வை கனக்கவே இல்லை.

மாமா, ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து, ஏவுகணையின் கண்ணைக் கெடுக்கும் லேசர் செய்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் உங்களைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி எங்கே? யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

ஏனோக்


ஆண்டர்சன்பேட்டை
12 ஜூன் 1999

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கொர்னேலியஸ் ஆசியோடு எழுதுவது. ஐடா நலம். தபாலில் எழுதக் கூடாத விஷயம் என்பதால் இதை மஞ்சுநாத் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் என்னிடம் வேலை பழகிய இன்ஜினியர், மைசூர் மைன்ஸ் பையன். இரண்டு பெட்டிகளோடு அங்கே வருகிறார். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே மகன். சாப்பிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டால்தான் சாப்பிடுவார்.

பெட்டிகள் வருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இதை எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை. சொல்லிப் பார்க்கிறேன். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையின் தலையில் ஒரு கண் இருக்கிறது. பழைய வகையில் அந்தக் கண் வட்டமாகச் சுழன்று, சூடு எந்தப் பக்கம் என்று கணக்குப் போடும். நம் பெட்டி, ஏவுகணை கிளம்புவதைப் பார்த்ததும் அதன் பக்கம் திரும்பி, அந்தச் சுழற்சிக்குப் பொருந்திய தாளத்தில் லேசரை அடிக்கும். கண்ணுக்குக் கணக்குத் தப்பும், ஏவுகணை விலகிப் போகும். ஆனால் தாளம் பொருந்தாவிட்டால் நம் ஒளியும் அதற்கு இன்னொரு சூடுதான். என்ஜினைவிடப் பெரிய சூடு. அதை நோக்கி வரும்.

உங்கள் மலைக்கு வந்திருப்பது பழைய வகையா, புதியதா என்று யாருக்கும் தெரியாது. ஆறு வாரம் பொறுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். கூட்டத்தில் ஒருவர், "கொர்னேலியஸ் சார் சொந்தக் கல்யாணத்துக்கே ஆறு வாரம் டைம் கேட்டிருப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போது என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம்.

அன்பு மாமா
கொர்னேலியஸ்


முன்னணி முகாம்
19 ஜூன் 1999

மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் பெட்டிகளும் வந்தன. ஒன்றை எங்கள் ஹெலிகாப்டரிலும் மற்றதை அடுத்ததிலும் பொருத்திவிட்டார்கள். பறக்கும்போது பெட்டி இயங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு.

ஆறு வாரம் என்கிறீர்கள். இந்த வாரம் மட்டும், காயம்பட்டு நான் ஏற்றிவந்தவர்களில் இரண்டு பேர் என் மடியில் செத்தார்கள். ஒருவனுக்குத் தொடையில் கையை விட்டு ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது பார்த்தால், பிடித்தது பிடித்தபடி இருக்கிறது, ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் உங்கள் மஞ்சுநாத் டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "சாருக்கு எப்பவும் டவுட்டுதான் அண்ணா. பாக்ஸ் ஒர்க் ஆகும். நான் கியாரண்டி."

"கீழ உக்காந்துகினு இன்னாடா கியாரண்டி?" என்று கேட்டேன்.

"நான் சிவிலியன் அண்ணா. மேல வர பர்மிஷன் இல்ல" என்று சிரித்தான். அடித்துவிட்டேன். பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். ஒரு பல் போய்விட்டது.

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எங்கப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வெடிக்காரர். பாறையில் மருந்து அடைத்து வெடித்ததும், புகை அடங்குகிறவரை எல்லோரும் வெளியே நிற்பார்கள். வெடிக்காத குழி இருக்கிறதா என்று பார்க்க, அடைத்தவர்தான் முதலில் உள்ளே போவார். அவர் கூப்பிட்ட பிறகுதான் மற்றவன் கால் வைப்பான். "வெடி வெச்சவன்தான் மொதல்ல போவணும். அது கோலாரு சட்டம்" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீங்கள் இருவரும் செய்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்.

ஏனோக்


பெங்களூர்
27 ஜூன் 1999

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அங்கே வரும் அதிகாரி ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். உடனே படியுங்கள்.

உங்கள் மலையில் விழுந்த ஏவுகணை ஒன்றின் தலை, நசுங்கியபடி என் மேஜைக்கு வந்தது. கண்ணைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு வேறொருவரையும் பார்க்கச் சொன்னேன், என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால். புதிய வகைதான். இது வட்டமாகச் சுழல்வதில்லை, பூவிதழ் வரைவதுபோல் பார்க்கிறது. நம் தாளம் இதைக் குழப்பாது. நம் பெட்டி இதைக் கூப்பிடும்.

கமிட்டி ஜூலை 5-ஆம் தேதிதான் கூடுமாம். அதுவரை உத்தரவு உத்தரவுதான் என்கிறார்கள். நான் உத்தரவை மீறியவன் இல்லை, மீறச் சொன்னவனும் இல்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் இருக்கைக்குப் பின்னால் தடித்த சாம்பல் நிறக் கேபிள் இருக்கும். அதைப் பிடுங்கிவிடுங்கள். அடுத்த ஹெலிகாப்டருக்கும் சொல்லுங்கள். விசாரணை வந்தால் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

மஞ்சுநாத்தை அடித்திருக்கக் கூடாது. ஆனால் வெடிக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். பெட்டியின் தாளம் நான் எழுதியது. சனிக்கிழமை சரக்கு விமானத்தில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இதுவரை விமானம் ஏறியதில்லை. ஐடாவிடம் டெல்லியில் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்பு மாமா
கொர்னேலியஸ்


முன்னணி முகாம்
6 ஜூலை 1999

மாமாவுக்கு,

மேகத்தால் நீங்கள் சண்டிகரிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். இனி வர வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய அதிகாரியும் மேகத்தில் மாட்டி, சனிக்கிழமை காலைதான் வந்து சேர்ந்தார். விசிறி சுற்றத் தொடங்கிய பிறகு உங்கள் கடிதத்தை என் கையில் திணித்தார்கள். மேலே போய்த்தான் பிரித்தேன். படித்ததும் கேபிளைப் பிடுங்கினேன். பின்னால் வந்த ஹெலிகாப்டருக்கு ரேடியோவில், பெட்டியை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். பதில் சொன்னது மஞ்சுநாத்.

"இன்னாடா, நீ எப்படிடா மேல?" என்றேன்.

"கேப்டன்கிட்ட கெஞ்சி ஏறிட்டேன் அண்ணா. வெடி வெச்சவன்தானே மொதல்ல போவணும்?"

"மஞ்சு, ஆஃப் பண்ணு. சார் எழுதியிருக்காரு. ஆஃப் பண்றா."

"சாருக்கு டவுட்டுதான் அண்ணா" என்று சிரித்தான்.

அப்போது கீழிருந்து கோடு கிளம்பியது. எங்களை நோக்கித்தான் வந்தது மாமா. அதன் முனை எனக்குத் தெரிந்தது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், கண்ணை மூடவில்லை. திடீரென்று அது எங்களை விட்டுத் திரும்பியது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் பின்னால் போனது. ஹெலிகாப்டர் வயிறு கிழிந்து, எல்லோரும் தீயோடு கொட்டினார்கள்.

மஞ்சுவை நான்தான் போய் எடுத்தேன். முகம் அடையாளம் தெரியாமல் கருகியிருந்தது. வாயைத் திறந்து, விழுந்த பல்லின் இடத்தைப் பார்த்து, இவன்தான் என்று எழுதிக் கொடுத்தேன்.

பையன் பிறந்தால் மஞ்சுநாத் என்று பெயர் வைக்கலாமா? நீங்கள் சரி என்று எழுதினால் கொஞ்சம் தூங்குவேன்.

ஏனோக்


ஆண்டர்சன்பேட்டை
15 ஜூலை 1999

ஏனோக்குக்கு,

மைசூர் மைன்ஸுக்குப் போய் வந்தேன். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கொண்டுவந்தவர்கள் சொல்லியும், மஞ்சுநாத்தின் அம்மா பார்வதம்மா திறந்துவிட்டார். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "உக்காந்து பண்ற வேலைன்னு சொன்னீங்களே சார். என் மகனை மேல ஏத்துனது யாரு?"

நான்தான் என்றேன்.

செருப்பைக் கழற்றி அடித்தார். கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. நின்றேன். பக்கத்து வீட்டு ஆட்கள் பிடிக்க வந்தார்கள், விடுங்கள் என்று சொன்னேன். கை ஓய்ந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து, கன்னடத்தில் மகனைத் திட்டத் தொடங்கினார். சம்பங்கி டாக்டர் ஐந்து தையல் போட்டார். ஐடாவிடம் படியில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே, இங்கே வந்து யாரிடமும் இதைத் திருத்திச் சொல்ல வேண்டாம். அவருக்கு வெறுக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஊரிலேயே இருக்கும் கிழவன் போதும்.

குழந்தைக்கு அந்தப் பெயர் வேண்டாம். பார்வதம்மா வாரா வாரம் நம் கடைத்தெருவுக்கு வருகிறவர். ஐடா பிள்ளையைக் கூப்பிட, அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. உங்கள் தூக்கத்துக்கு வேறு வழி தேடுங்கள்.

மீதிப் பெட்டியைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. புதிய தாளம் எழுத என்னையே உட்கார வைத்திருக்கிறார்கள். சோதனைக்குப் பறக்கும் முதல் ஹெலிகாப்டரில் இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

விடுமுறை கிடைத்ததும் ஐடாவிடம் வாருங்கள். வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இருக்கும் நாட்களில் நான் பெங்களூரில் தங்கிக்கொள்வேன். எனக்குக் கோபப்படத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். குழந்தை பிறந்ததை ஐடா சொல்லித் தெரிந்துகொள்வேன். நீங்கள் எனக்கு எழுத வேண்டாம்.

கொர்னேலியஸ்