பெட்டிக்கு ஆறு முகம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் தங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டில் ஒரு கணித மேதை உதயமாகிவிட்டான். வேறு யார், நான்தான்.

குட்டிக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. மாடி வீட்டு இரட்டையர்களையும் சேர்த்து உட்காரவைத்து, கனவடிவங்களை நானே நடத்தினேன். பந்து கோளம், பவுடர் டப்பா உருளை, உன் பழைய பிறந்தநாள் தொப்பி கூம்பு.

"பெட்டிக்கு எத்தனை முகம்?" என்றேன்.

"ஆறு. அப்பாவுக்கு ஒண்ணுதான், அதுவும் உர்ருனு இருக்கு" என்றாள் குட்டி.

அவரோடு சண்டை போட்டுவிட்டு நீ வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. நேற்று உன் சாமான்களை அவரே பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, உன் முகவரியை எழுதி வாசலில் வைத்தார்.

இன்று கூரியர்காரர் வந்தபோது, அந்தப் பெட்டியை விளிம்பு விளிம்பாக வெட்டி, ஆறு முகத்தையும் தரையில் விரித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மனிதர் வெறுங்கையோடு திரும்பினார்.

"அறிவிருக்காடா? வேற பெட்டியே கிடைக்கலையா உனக்கு?" என்று அம்மா கத்தினாள்.

அப்பா உன் புத்தகங்களை எடுத்துப்போய் உன் அலமாரியிலேயே வைத்தார், நீ வைத்திருந்த அதே வரிசையில்.

மேதை என்றேனே, அது சும்மா. இரட்டையரில் ஒருவன் பந்துக்கு நாலு மூலை என்று இன்னமும் சாதிக்கிறான். பரண்மேல் காலிப் பெட்டிகள் கிடப்பதும் எனக்குத் தெரியும். சாமான் இங்கே இருந்தால், அதை எடுக்கவாவது நீ ஒருதரம் வருவாய் என்று நினைத்தேன்.

இப்படிக்கு,
உன் தம்பி