உப்பில் போட்ட ஆம்பியாக்சஸ்

பொன்னேரி,
9-2-1975

அன்புள்ள அத்தானுக்கு,

குணசுந்தரி எழுதுவது. நானும் உங்கள் அம்மாவும் சுகம். பிரான்சில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவில் குல்லாவே இல்லை.

அந்த ஃபோட்டோவை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "யாரும்மா இவ, இவன் நாற்காலி மேல கைய வெச்சிக்கினு நிக்கறா?" என்று கேட்டார்கள். கூட ஆராய்ச்சி செய்கிறவர், மரியான் என்று பெயர் என்றேன். "பேரு வேற எழுதியிருக்கானா?" என்றார்கள்.

உங்கள் கடிதத்தில் பாதிக்குமேல் அந்தச் செல்கள்தான். கருவில் முதுகு நரம்புக்குழாய் மூடுகிற விளிம்பில் பிறந்து, அங்கே தங்காமல் நகர்ந்து போய், சில தாடை எலும்பாகவும் சில தோலின் நிறமாகவும் சில நரம்பாகவும் ஆகிவிடுகிறவை. காடைக் கருவிலிருந்து எடுத்துக் கோழிக் கருவில் ஒட்டி, அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று அங்கே பார்க்கிறார்களாம். மீனுக்கும் கோழிக்கும் நமக்கும் முகம் கொடுத்தவை அவை. பார்க்கக் குட்டி மீன்போல் மணலில் புதைந்து கிடக்கிற நம் பழவேற்காட்டு ஆம்பியாக்சஸுக்கு அவை இல்லை. அதனால் தாடையும் இல்லை, முகமும் இல்லை. அப்படியானால் முதன்முதலில் அவை எந்தச் செல்லிலிருந்து வந்தன என்பதுதான் உங்கள் கேள்வி. எனக்குப் புரிகிறது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் படம் போட்டு அனுப்பியிருக்க வேண்டாம். எம்.எஸ்ஸி.யில் உங்களைவிட நாலு மார்க் அதிகம் வாங்கியவள் நான். முகத்துவாரத்து மணலில் அந்தப் பிராணியை முதலில் கண்டெடுத்ததும் நான்தான். இதை அந்த மரியானிடம் சொன்னீர்களா? புறப்பட்டுப் போன செல் பிறந்த இடத்துக்குத் திரும்புவதில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதை எதற்கு எனக்கு எழுதினீர்கள்?

முந்தின கடிதத்தில் நீங்கள் கேட்ட நாற்பது பிராணிகள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் சித்திரையில் ஊருக்கு வந்துவிடுவேன், இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் தங்கி, மரியானோடு அந்த ஊர்க் கடற்கரைக்குப் போய்த் தேடவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். படகுக்காரர் கலியன் போன வாரமே மணலைச் சலித்து நாற்பது எடுத்துவிட்டார். கெடாமல் போட்டுவைக்க ஃபார்மலின் பாட்டிலை அவர் மனைவி அங்காளம்மாளிடம் முன்பே கொடுத்திருந்தேன். மூடியைத் திறந்தால் கண் எரிகிறதென்று, அதைத் தொடாமல், சீமைக்குப் போகிற மீன் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் எல்லாவற்றையும் கழுவி, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்துவிட்டார். கருவாடாய்ச் சுருண்டுவிட்டது. ஒரு செல்கூடத் தேறாது. இத்தோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன்.

ஆனால் அங்காளம்மாள்மேல் பழி போட மனசு வரவில்லை. அவர் என்னைக் கேட்டுத்தான் செய்தார்.

அன்று காலைதான் ஃபோட்டோ வைத்த உங்கள் கடிதம் வந்தது. பஸ்ஸில் இரண்டு தடவை படித்தேன். பிராணிகளை வெட்டும்போது மரியானின் கை நடுங்கவே நடுங்காது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தை என்னுடையது அத்தான். லாபில் நான் பிளேடால் மெல்லிசாகச் சீவும்போது பின்னால் நின்று நீங்கள் என்னிடம் சொன்னது. அதைக் கேட்டுத்தான் உங்களைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன். அதைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டீர்களே. பொறாமைதான், வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனால், நாற்பதும் அலுமினியச் சட்டியில் நெளிந்துகொண்டிருந்தன. "டீச்சரம்மா, இந்த மருந்து கண்ண எரிக்குது. உப்புல போட்டுடட்டா? இன்னா சொல்றீங்க?" என்று அங்காளம்மாள் கேட்டார். இவை போய்ச் சேராவிட்டால் அவள் எதை வெட்டுவாள் என்று நினைத்தேன். சரி என்றேன். நீங்கள் அவளோடு கடற்கரைக்குப் போகவேண்டிவருமே என்பது திரும்புகிற பஸ்ஸில்தான் உறைத்தது. என் புத்தி அவ்வளவுதான்.

நேற்று முகத்துவாரத்துக்கு நானே போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று மத்தியானம்வரை சலித்தேன். "போன வாரந்தான உப்புல போட்டோம், இன்னும் எதுக்கு?" என்று கேட்ட அங்காளம்மாள், நான் சலித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் சல்லடையோடு இறங்கினார். பதினொன்றுதான் கிடைத்தது. பாட்டிலில் போடும்போது என் கை நடுங்கியது. நாளை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மெட்ராஸ் போய் ஏர்மெயிலில் அனுப்புகிறேன்.

காய்ந்த நாற்பதையும் பார்த்துவிட்டு, குழம்பு வைக்கலாமா என்று கேட்டார்கள் அம்மா. வேண்டாமென்று டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து என்னைத் திட்டும்போது எதிரில் எடுத்து வைக்க வேண்டுமே.

பதினொன்றையும் நீங்களே வெட்டுங்கள். உங்கள் கை நடுங்கும், எனக்குத் தெரியும். இரண்டு மூன்று வீணாகும், ஆகட்டும். மீதி போதும் என்று உங்கள் புரொபசரிடம் சொல்லுங்கள். போதாவிட்டாலும், போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
குணசுந்தரி