ஜன்னல் சீட்டும் ஜைசல்மேர் மணலும்

இன்று காலை பம்பாய் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பாஸ் கேட்டதும் கைப்பையைத் தலைகீழாகப் புரட்டினேன். பாஸோடு கொஞ்சம் மணலும் மடியில் கொட்டியது. மஞ்சள் மணல், மாவு போல நைசாக. பக்கத்தில் நின்ற பெண், "ஆன்ட்டி, யே க்யா கிரா?" என்று மணலைக் காட்டிக் கேட்டாள். "ஜைசல்மேர்" என்று வெடுக்கென்று சொன்னேன். பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் என்ன கோபம்? எல்லாம் உன்மேல்தான்.

இதே மகளிர் பெட்டியில்தான் நாம் பழகினோம். செம்பூரில் ஏறுவோம், கடைசி நிலையத்தில் இறங்கி நீ உன் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கும் நான் என் கப்பல் ஆபீசுக்குமாகப் பிரிவோம். நீ மடியில் செய்தித்தாளை விரித்துப் பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டே பேசுவாய். பேச்செல்லாம் ஒரே ஊரைப் பற்றித்தான், ஜைசல்மேர். உங்கள் காலனி முனையில் மளிகைக்கடை வைத்திருந்த சேட்டுக்கு அதுதான் சொந்த ஊர். அவர் கடைக் காலண்டரில் இருந்த கோட்டைப் படத்தில் விழுந்தவள் நீ. "மஞ்சக் கல்லுட்டி. சாயங்கால வெயிலு பட்டா ஊரே தங்கமா ஆயிருமாம். இன்னமும் கோட்டைக்குள்ள குடும்பம் குடும்பமா சனங்க இருக்காம்" என்பாய். திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலைத் தவிர மணல்மேடே பார்க்காதவள் நீ. துவரம்பருப்பு வாங்கப் போனால் அரைமணி நேரம் சேட்டைக் குடைந்துவிட்டு வருவாய்.

அதனால் போகாமலேயே உனக்கு எல்லாம் தெரியும். "பாந்த்ராவுல ஏறணும். ஜோத்பூர்ல எறங்கி ஒரு நாள் காலை நீட்டிப் படுத்துட்டு, அடுத்த ரயிலப் பிடிக்கணும். பஸ்ஸும் இருக்கு, ஆனா நம்ம முட்டிக்கு அது ஆவாது. ஸ்டேஷன்ல ஆட்டோக்காரன் எந்த ஓட்டலச் சொன்னாலும் தலையாட்டாத. கோட்டைக்கு வெளிய தங்கு. உள்ள தங்கிறவங்க கொட்டுற தண்ணி எறங்கித்தான் அந்தப் பழைய சுவரு உக்காருதாம்." ஒட்டகத்துக்கும் பாடம் எடுத்தாய். "அது எழும்பும்போதும் பின்னால சாயணும், உக்காரும்போதும் பின்னால சாயணும். முன்னால சாஞ்சே, போச்சு."

ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்குத் தன் வழியில் போகத் தெரியவில்லை. இந்தப் பெட்டியில் உன்னைப் பார்த்தே நான் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருத்தி விளிம்பில் பாதி உடம்பை வைத்து உட்காருவது நம் ரயில் வழக்கம். நீ எப்போதும் அந்த நான்காவது ஆள். குர்லாவில் கூட்டம் இறங்கி உனக்கு ஜன்னல் கிடைத்த நாளில்கூட, எவளாவது வந்து "கிதர் உதர்னா?" என்று இறங்கும் இடத்தைக் கேட்டுச் சீட்டுக்கு அச்சாரம் போட்டால், "வடாலா" என்று பாதி வழி ஸ்டேஷனை வாய் கூசாமல் பொய் சொல்லி, அங்கேயே எழுந்துவிடுவாய். பிறகு கடைசி வரை கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஏன்டி இப்படி என்றால், "அவ ரொம்ப நேரம் நிக்கா பாவம்" என்பாய். நீ மட்டும் என்ன, பறந்துகொண்டா வந்தாய்?

ஜைசல்மேரையும் அப்படித்தான் விட்டுக்கொடுத்தாய். முதல்முறை டிக்கெட் எடுத்தபோது உன் மகனுக்குப் பரீட்சை. அடுத்த முறை மருமகளுக்குப் பிரசவம். அதையெல்லாம்கூட நான் மன்னித்தேன். மூன்றாம் முறை பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. அப்போது உன் கொழுந்தன் குடும்பம் ஊர்ப்பக்கம் நாசரேத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது. "வீட்டுல விருந்தாளிய வச்சிட்டு எப்படிட்டி கிளம்ப? மணலு எங்க போயிரப் போவுது? அடுத்த குளிருக்குப் பாப்போம்" என்று போனில் சொன்னாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. அந்த விசில் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணல் எங்கேயும் போகவில்லை. மழை தொடங்குவதற்கு முன்பே, அதே அடுக்களையில் சரிந்து நீதான் போய்ச் சேர்ந்தாய். எங்கே போகச் சொன்னால் எங்கே போயிருக்கிறாய்!

உன் நினைவு ஜெபக்கூட்டத்தைச் சொல்கிறேன், கேள். உன் மகன் எழுந்து, "மம்மி தனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்ல. ஹமேஷா எங்களுக்காகவே வாழ்ந்தாங்க" என்றான். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷமாக என் காது புளிக்க ஜைசல்மேரைக் கேட்டவள் நீ. செத்த பிறகு அந்த ஒரு ஆசையையும் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டு, அதற்குத் தியாகம் என்று பேர் வைக்கிறார்கள்.

"கேட்டா, தம்பி. ஜைசல்மேர் பாக்கணும்னு கேட்டா" என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

அவன் நிஜமாகவே திகைத்தான். "மம்மியா? அங்க என்ன ஆன்ட்டி இருக்கு, வெறும் மணலு, ரேதிதானே?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. சேட்டுக்குத் தெரியும், இந்தப் பெட்டிக்கே தெரியும், பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. அவன்மேல் வந்த கோபம் பாதியில் திரும்பி உன்மேலேயே பாய்ந்தது. வீட்டில் ஒருநாளாவது வாயைத் திறந்து சொன்னாயா நீ?

குளிர்காலத்துக்கு முன்பதிவு திறந்த அன்றே எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். என் வீட்டுக்காரர், "தனியாவா? அப்ப சாப்பாட்டுக்கு?" என்றார். "மாட்டுங்காவுல மெஸ் இருக்கு" என்றேன்.

டிசம்பரில் போனேன். நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்தது, அதுதான் இன்னும் ஆத்திரம். ஜோத்பூரில் ரயில் நிற்பதற்குள் ஓடி ஏறி, கைப்பையை ஜன்னல் சீட்டில் வீசி இடம் பிடித்தேன். பெட்டியில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள், என் சீட்டோ ரிசர்வ் செய்தது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், "பம்பாய் சே?" என்று கேட்டுச் சிரித்தார். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்வெட்டர் எடு எடு என்று ஒவ்வொரு முறையும் நீ கத்தியதையும் நான் கேட்கவில்லை. பாலைவனத்துக்குப் போகும் செம்பூர்க்காரிக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று நினைத்தேன். ஊருக்கு வெளியே மணல்மேட்டில் பொழுது சாய்ந்ததும் பல் கிட்டியது. ஒட்டகக்காரர் தந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உன்னைத் திட்டினேன். ஒட்டகம் எழும்பியபோது மட்டும் ஒழுங்காகப் பின்னால் சாய்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கோட்டை நிஜமாகவே பொன்னாக மாறியது. உள்ளே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது. காலண்டர் பொய் சொல்லவில்லை. அழகாக இருந்ததடி. அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனேன். வந்தது கோபம். சுவரில் கையை வைத்துக்கொண்டு, "வந்து பாத்தா என்னட்டி குறைஞ்சு போயிருக்கும்?" என்று சத்தமாகவே கேட்டேன். துணி உலர்த்திய பெண் திரும்பிப் பார்த்தாள்.

மடியில் விழுந்த மணலைக் கூட்டி எடுத்து மறுபடி பைக்குள்ளேயே போட்டுவிட்டேன். இந்தக் கோபமும் அதோடு கிடக்கட்டும். ஆறிவிட்டால் நானும் உன் மகனைப் போல உன்னைத் தியாகி என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

அதற்குள் வடாலா வந்திருந்தது. குர்லாவிலேயே எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பெண்ணே மெல்லக் குனிந்து, "ஆன்ட்டி, கிதர் உதர்னா?" என்றாள். கால் தன்னால் எழும்பப் பார்த்தது. உன் பழக்கம் எனக்கும் தொற்றியிருக்கிறது.

"ஆகிரி ஸ்டேஷன்" என்று கடைசி நிலையத்தையே சொன்னேன். சொல்லிவிட்டு நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.