சங்கிலி என்னும் பெயர்

அன்பிற்குரிய சுடலைவடிவு, இரங்கூனில் நான் நலமே. நீயும் உன் வயிற்றிலுள்ள நம் பிள்ளையும் நலந்தானா?

மூன்று மக்களை இழந்த என் அம்மை, “இவனையேனும் உயிரோடு கட்டிவையும்” என்று பாபநாசத்துக் காவல்தெய்வமான சங்கிலிபூதத்தாரை வேண்டி எனக்கிட்ட அவர் பெயரை, வடசொல் என்று நீக்கி, சங்கிலிக்குத் தமிழ் ‘தொடர்’ எனத் ‘தொடரன்’ ஆனேன் அல்லவா?

நேற்றுப் பட்டப்பகலில் அப்புதுப் பெயரோடு தனித்தமிழ்க் கூட்டமொன்றில் மேடையேறிப் பேசினேன். முன்வரிசையிலிருந்த வள்ளியூர்க்காரர், “அண்ணாச்சி, ஒங்க பின்னால சங்கிலியோட நிக்கது யாரு?” என்றார். திரும்பினேன், எவருமில்லை. அவையோடு நானும் நகைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் அவரை வினவினேன். “பெரிய சங்கிலி அறுந்து கெடந்துது. கையில பிள்ளை காலுக்கு அளவா சின்னது ஒண்ணு. கட்டவா வேண்டாமான்னு ஒங்களையே பாத்தாரு” என்றார்.

அஞ்சற்க. ஆயினும், நான் எழுதியனுப்பிய தூய பெயரைப் பிள்ளைக்கு இடாதே. சங்கிலிபூதத்தார் பெயரையே இடு. கோயில் திருநீறு சிறிது அனுப்பு. உறையின்மேல் என் பழைய பெயரை எழுது. அதைச் சொல்லி அழைக்க இங்கு எவருமில்லை. அஞ்சலுக்கு நேரமாயிற்று.

சங்கிலிபூதத்தான்