பால்குடம் எடுக்காத தைப்பூசம்

பினாங்கு
26-1-1932

சிரஞ்சீவி கார்த்திகேசுவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில், உனக்குப் பிடிக்காவிட்டாலும் அப்படித்தான் எழுதுவேன், நானும் அப்பாவும் தங்கையும் இங்கே சுகம், சென்னைப் பட்டணத்தில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். எனக்கு மதம் வேண்டாம், எனக்கென்று ஒரு வாழ்க்கைக் கொள்கை இருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று நான் சோறு தின்னவில்லை. இப்போதோ உனக்கு எழுதக் கை பரபரக்கிறது, கேள். உன் டாக்டர் பரீட்சைக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன் அல்லவா, தைப்பூசத்தன்று விடிந்ததும் மஞ்சள் புடவை கட்டிப் பால்குடத்தைத் தலைக்குத் தூக்கப் போகிறேன், பக்கத்து வீட்டுச் சபூரா பிள்ளை வலியில் அலறுகிறாள். மருத்துவச்சியை அழைக்கப் போன அவள் புருஷன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். பிள்ளைப்பேற்றைத் தொட்டால் தீட்டு, விரதம் போச்சு, உன் பரீட்சை என்னாவது என்று வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன். அக்கா, என்னைய விட்டுட்டுப் போயிடாதீங்க லா என்று கத்தினாள். குடத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஆண் பிள்ளையடா! என் கையில்தான் வந்து விழுந்தது, என்ன கனம், என்ன குரல்! நாற்பத்தெட்டு நாளும் எது ஆகும் எது ஆகாது என்று பெரியவர்கள் சொன்னபடி நடந்தேன், அது மதம். அந்த ஒரு நிமிடம் மட்டும் யாரையும் கேட்கவில்லை, நானே முடிவெடுத்தேன். ஒன் மவன் கொள்கைக்கு நீதான் மொத சிஷ்யை என்று அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆனால் பிள்ளையின் தலை தெரிந்தபோது நான் முருகா என்றேன், அவள் அல்லா என்றாள், உன் கொள்கையை அந்த நேரத்தில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவதாம்? இதற்குப் பதில் எழுதாமல் இருக்காதே.

கோயில் பண்டாரம் நேர்த்தி முறிந்துவிட்டது, பையனுக்கு ஆகாது என்று கையை விரித்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து ராத்திரியில் எழுந்து எழுந்து உன் பேருக்கு விளக்கேற்றுகிறேன், உன்னிடம் மறைப்பானேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணுக்குக் குளிர்ச்சி. இதோ பார், நானும் எனக்கென்று ஒரு கொள்கை வைத்துக்கொண்டேன். பங்குனிப் பரீட்சையில் நீ தேறாமல் போனாலும், பால்குடம் எடுக்காததால்தான் என்று இந்த வாய் ஒருநாளும் சொல்லாது. சொன்னால் அந்தப் பச்சைப்பிள்ளை மேல் அல்லவா பழி விழும். ஆனாலும் நன்றாகப் படி ராசா. ஆயுசும் ஆரோக்கியமும் உனக்குப் பெருகட்டும்.

உன் அம்மா,
வள்ளியம்மா