துணைக்குப் போன பிள்ளை

மதினி,

இன்று விடியக்காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஈரத்துணி சூடுபடும் வாசம் வந்தது. உன் மகள் சரோஜா சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால் தன் மகளின் வெள்ளை யூனிபோமைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே கூரைக்குள் வரிசையாக அடைத்த நம் லயத்துச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியாததா? கூரைக்கு எட்டாத சுவர். இந்தக் காம்பிராவில் கருவாடு சுட்டால் அந்தக் காம்பிராவில் எச்சில் ஊறும். அந்த வாசத்தோடு படுத்துக்கிடக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நாம் பேசாமல் இருந்தது எத்தனையோ மழைக்காலம். ஆனாலும் நீ அங்கே இருமினால் எனக்குக் கேட்கும். நான் இங்கே பாத்திரத்தை நங்கென்று வைத்தால், யார்மேல் கோபத்தில் வைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதுவும் ஒரு பேச்சுத்தான். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுப்பு மட்டும்தான் எனக்குப் பதில் சொல்கிறது.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். தம்பிக்குத் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டுமென்று சின்ன வயதிலேயே என்னைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்திவிட்டார்கள். கொம்பு எங்கே, கால் எங்கே என்று தடவித் தடவித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மறதி என்பது எனக்கு வராத வித்தை. அது உனக்குத் தெரியும்.

நம் தோட்டத்து டிவிசன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்கிற பிள்ளை மலையிறங்கி, பாலம் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் புகுந்து பஜார் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். மடுல்சீமை ரோட்டில் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. பொம்பளைப் பிள்ளையை அந்தக் காட்டு வழியில் ஒற்றையாக விட யாருக்குத் துணிவு வரும்? விடிந்ததும் வேலைக்குப் போய் நிற்கிற நமக்குக் கூடப் போக நேரமேது? என் யோகேஸ்வரியும் உன் சரோஜாவும் சேர்ந்து போனதால்தான் இரண்டும் போயின. மழையென்றால் ஒரே படங்குக்குள் இரண்டு தலை. யோகேஸ் வாய்க்குள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். சரோஜா பின்னால். அவள் பையில் உப்பு முடிந்த துணி இருக்கும். யோகேஸ் காலில் அட்டை ஏறினால் குனிந்து உப்பை ஒற்றி எடுத்துவிடுவது சரோஜாதான். நாம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றபடி அதைப் பார்த்திருக்கிறோம். "எங்க ராசாத்திக்கு ஒரு தோழி" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதே.

பிறகு சரோஜா பெரியமனுசியானாள். பச்சை ஓலைக்குள் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றி, உன் தகுதிக்கு மேலேயே செய்தாய். ஊர்ச்சோறு உண்ட மறு வாரம் யோகேஸ் பையைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றது. உள்ளிருந்து நீ குரல் மட்டும் கொடுத்தாய்: "அவ இப்ப வரமாட்டா. நீ போ."

பிள்ளை திரும்பி வந்து, "சரோஜா நின்னுட்டாம்மா" என்றது. நாலு நாள் பார்த்தேன். என் பிள்ளையும் வீட்டிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்காரரைப் பஜாருக்கு அனுப்பி, பள்ளிக்கூடத்துப் பெரிய சாரிடம் விசயத்தைச் சொல்ல வைத்தேன். ஆமாம், நான்தான். பிள்ளைக்காகச் செய்தேன். இன்றைக்கு என்றாலும் செய்வேன்.

பெரிய சார் யாழ்ப்பாணத்துக்காரர், பஜாரில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். குடையை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க மலையேறி வந்தார். எந்தப் பள்ளிக்கூடத்து சார் லயம் தேடி வந்திருக்கிறார் சொல்? உன் வாசலில் பலகை போட்டு உட்கார வைத்து, பால் சேர்க்காத சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய். நான் சுவரோரம் நின்றேன். சரோஜா உள்ளே அடுப்பங்கரையில்.

அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "இவள் நிண்டிட்டால் மற்றப் பிள்ளையும் நிண்டிடும், அம்மா. யோகேஸ்வரி கெட்டிக்காரி. கம்பஸ், யூனிவர்சிற்றி எண்டு போகக்கூடிய பிள்ளை. அதுக்காகவெண்டாலும் இவளை அனுப்பிவிடுங்கோ."

நான் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய்.

"எம் மக என்னா, அவ மகளுக்குத் துணைக்கு நடக்கவா பொறந்தா? நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க சார்."

அவர் குடித்துவிட்டுப் போனார். மறுபடி மலையேறவில்லை. நானும் விடவில்லை. அவர் குடை திருப்பத்தில் மறையுமுன்னே, "ஓம் மக படிச்சிக் கிழிச்சது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றேன். நீ பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு, அடுத்த சம்பளத்துக்குள் ஒன்றாகியிருப்போம். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். அந்தக் கதவைத்தான் நான் இத்தனை வருசம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோகேசைப் பதுளைக்கு, என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். அந்த நாத்தனார் என் பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க வைத்த கதை தனி. அதை அவளிடம் தனியாகக் கேட்டுக்கொள்வேன். பிள்ளை தேய்த்துக்கொண்டே படித்தது, பாஸானது, மேலே மேலே போனது. இன்று கொழும்பில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "அம்மா, மருந்து குடிச்சீங்களா" என்று கேட்கும், டாக்டர் கேட்கிற மாதிரி. வருசத்தில் ஒருமுறை வந்தால் உட்கார இடம் பார்த்துத்தான் உட்காரும். அடுப்புப் புகைக்குக் கண்ணைக் கசக்கும். கடைசி பஸ்ஸுக்கு முன் கிளம்பிவிடும். குற்றம் சொல்லவில்லை. ஆனால் வயசுக்கு வருமுன்னே வாசல்படி இறங்கிய பிள்ளை விருந்தாளியாகத்தான் திரும்பி வந்தது. அது சமைந்ததுகூட நாத்தனார் வீட்டில்; தண்ணீர் ஊற்ற நான் பக்கத்தில் இல்லை. இன்னும் இரண்டு மூன்று வருசம் நீ சரோஜாவை நடக்க விட்டிருந்தால், என் மகள் என் கண்ணுக்கு முன்னால் வளர்ந்திருப்பாள். என் வழக்கு அவ்வளவுதான்.

உன் மகள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாள், கூடை தூக்கினாள், பக்கத்து லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டு உன் காம்பிராவிலேயே இருந்துவிட்டாள். எனக்குக் காய்ச்சல் என்றால் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்துவிட்டுக் கஞ்சி கொண்டுவருவது அவள்தான். பாதியில் நின்றவள் பக்கத்தில் நிற்கிறாள் மதினி. உனக்கு இதில் சிரிப்பு வரலாம்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் தானாகச் சொன்னாள்.

"எனக்கு சிங்களம் நல்லா வரும், தெரியுமா அத்தை? டீச்சர் என்னையத்தான் எந்திரிச்சு வாசிக்கச் சொல்லுவாங்க. ஒங்க மக முழிப்பா."

"அடியே, அன்னைக்கே இதச் சொல்றதுக்கென்ன?"

"யாரு கேட்டா?" என்று சிரித்தாள். கீரைத்தண்டை உடைத்துப் போட்டுவிட்டு, சாவதானமாக அடுத்ததையும் சொன்னாள். "அம்மா என்னைய நிறுத்தவே இல்ல அத்தை. தீட்டு முழுசாக் கழிஞ்சி கடைசியாத் தலைக்கு ஊத்தினதும் மறு திங்கக்கெழமை அனுப்பத்தான் இருந்திச்சு. யூனிபோம்கூடத் தொவைச்சி வச்சிருச்சு. சார் வந்திட்டுப் போன பொறகுதான் வேணான்னு சொல்லிருச்சு."

ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தேன்.

"அவ இப்ப வரமாட்டா" என்று நீ சொன்னது அந்த வாரத்துக்கு மட்டும்தானா? என் பிள்ளை காதில் அது என்றைக்கும் என்று விழுந்துவிட்டதா? அப்படியென்றால், சரோஜாவைத் திரும்பக் கூட்டிப்போக வந்த பெரிய சாரின் வாயாலேயே அவள் படிப்பு போயிற்று. அவர் சரோஜாவைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சிங்களம் வாசிக்கிற பிள்ளை என்று அந்த டீச்சராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சரி, அவர்கள் எல்லாம் வேற்றூர்க்காரர்கள். நீ? சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருசம் படுத்திருந்தவள், "அடியே பாக்கியம், நான் அனுப்பத்தான் இருந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா கொட்டியிருக்கும்? உன் ரோசத்துக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தோம் மதினி. உன்னுடையதையும் என்னுடையதையும்.

உன் பேத்தி பவித்ரா போன மாதம் சமைந்தாள். சடங்கெல்லாம் முடிந்து இன்றுதான் மறுபடி பள்ளிக்கூடம். அவளோடு போய்வந்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டது. சரோஜா விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும். காலையில் வாசலில் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

காட்டு வழியில் போகும்போது, எந்தப் பாடம் பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். நடந்துகொண்டே யோசித்தாள்.

"ஒண்ணும் புடிக்காது பாட்டி. இன்டர்வெல் புடிக்கும்."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி, நட" என்றேன்.

பள்ளிக்கூட கேட்டுக்குள் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒற்றையாக மலையேறி வந்து இதை எழுதுகிறேன். முழங்கால் கெஞ்சுகிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு மறுபடி இறங்கவேண்டும், நாளைக்கும் இறங்கவேண்டும். உன்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை மதினி. அது ஆறிவிட்டால், உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?