ஒப்பம் வைத்த வெற்றுத்தாள்

யூன் 3, திங்கள்

விடியவிருந்து மழை. குடையில் ஒரு கம்பி வெளியே. 155 பஸ்ஸில் நின்றபடியே கொட்டாஞ்சேனை வரை. செருப்பு நனைந்து ஒபிசில் நாள் முழுக்கச் சப்புச் சப்பென்று சத்தம்.

சேர் எட்டரைக்கு வந்தார். வழமைபோல லெட்டர்ஹெட் இருபது எடுத்து வைத்தேன். ஒரு எழுத்தும் இல்லாத இருபது தாளிலும் பச்சைப் பேனையால் ஒப்பம். தேத்தண்ணி ஆறமுன்னம் முடித்துவிட்டார். பாராளுமன்றம், கட்சிக் கூட்டம், செத்தவீடு, கலியாணவீடு என்று திரிகிற பாராளுமன்ற உறுப்பினர் (பா.உ.) வேறு என்ன செய்வது? பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளையின் தாய் வந்து நிற்கும்போது ஒப்பம் தயாராக இருக்கவேண்டும். மேலே நான் சிங்களத் தட்டச்சு மெஷினில் தட்டுவேன். ஒப்பத்துக்கு மேல் பதினாலு வரிக்குத்தான் இடம். யாருடைய துன்பத்தையும் பதினாலு வரிக்குள் அடக்கப் பழகிவிட்டேன்.

"மிஸ், ஒருநாளைக்கு இந்தத் தாளில என்ர வீட்டையே எழுதி வித்துப்போடுவீங்கள்." சிங்களத்தில். ஆறு வருசமாக அதே பகிடி, நானும் ஆறு வருசமாக அதே சிரிப்பு.

இன்றைக்குப் போன கடிதங்கள்:
மீன்காரரின் மகன். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனவன்.
ஹட்டன் பக்கத்துச் சலூன்காரர். பொலிஸ் பதிவு இல்லை.
தெமட்டகொடைப் பெடியன்கள் இரண்டு பேர். காரணம் யாருக்கும் தெரியாது.

நாலு பேரும் பின்னேரத்துக்குள் வெளியே. ஆளுங்கட்சி ஒப்பம் அல்லவா.

நேற்று மத்தியானம் குகன் சாப்பிட வந்தான். எனக்கென்று இருக்கிற ஒரே தம்பி, வயது முப்பத்திநாலு, ஊரில் வாத்தியார். இடமாற்றக் கடிதத்துக்காக வந்து மூன்று கிழமை, வெள்ளவத்தையில் லொட்ஜ். என் அறையில் வைத்திருக்கலாம்தான். "ஆம்பிளை ஆளை வைச்சா திரும்பவும் பதிவு, திரும்பவும் பொலிஸ். எனக்கு ஏலாது பிள்ளை" என்றா வீட்டுக்கார அன்ரி. நானும் மன்றாடவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளித்தானே என்று விட்டுவிட்டேன்.

குடைக்குக் கம்பி போடவேண்டும்.

யூன் 4, செவ்வாய்

லொட்ஜ் மனேஜர் காலை ஏழுக்கு வந்து படலையில் தட்டினார். விடியச் சுற்றிவளைப்பு. பத்துப் பேர். குகனும்.

ஒபிசுக்கு ஓடினேன். எத்தனையோ பேருக்குத் தட்டின கடிதம். இன்றைக்கு விரல் எழுத்தைத் தேடுகிறது. "மேற்படி நபர் எனது தட்டெழுத்தாளரின் சகோதரர். அவரை நான் நேரில் அறிவேன்." சேர் அவனைக் கண்டதே இல்லை. மீன்காரரின் மகனையும்தான் காணவில்லை. சரியாகப் பதினாலு வரி.

ஸ்டேஷனில் ஓஐசி, பொலிஸ் பொறுப்பதிகாரி, கடிதத்தைப் பார்த்துவிட்டு எழும்பாத குறை. "வாடிவென்ன மிஸ்" என்று கதிரையைக் காட்டினார். மேலிடத்திலிருந்து ஒரு ஒப்புதல் வரவேண்டுமாம். வியாழன் காலை கூட்டிக்கொண்டு போகலாமாம். தேத்தண்ணியும் வந்தது. குடித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் குடித்தேன். வாங்கில் இருந்த மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரும்போது கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. நான் சைவம். செவ்வாய்க்கிழமை அங்கே அதெல்லாம் யார் கேட்கிறது.

யூன் 5, புதன்

மழை விட்டது. வெக்கையில் அவியல்.

ஒபிஸ் வாசலிலேயே நிசாம் நிற்கிறார். சேரின் வான் சாரதி, வாய் சும்மா இராது. இன்று முகம் வெளுத்து. "மிஸ், விஷயம் தெரியாதா? ஜனாதிபதியப் பதவியால எறக்கப் பிரேரணையாம். சொந்தக் கட்சி ஆளுங்களே சைன் வச்ச. நம்ம சேரும் வச்ச."

ஏன்? ஆளுக்கொரு காரணம்.
சந்திக்கடைக்காரர்: மந்திரிப் பதவி தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்களாம்.
தபால்காரர்: சாத்திரக்காரன் சொல்லியிருக்கிறானாம், ஜனாதிபதிக்குக் காலம் சரியில்லையாம்.
கீழ்வீட்டு மனுசி: போன கூட்டத்தில் சேருக்குக் கதிரை வைக்கவில்லையாம், ஒரு மணித்தியாலம் நின்றாராம்.

பதினொன்றுக்குச் சேர் வந்தார். கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு தாளை விரித்தார். ஏப்ரலில் நான் தட்டிக் கொடுத்த பட்டியல், கொட்டாஞ்சேனையில் பிடித்துக்கொண்டுபோன ஆட்களின் பெயர்கள். நடுவில் தேத்தண்ணிக் கோப்பை வட்டம், மண்ணிறமாக.

"இதைத்தான் ஜனாதிபதியிட்டக் குடுத்தனான் மிஸ். வாசிக்கயில்லை. கோப்பையைத் தூக்கி இதுக்கு மேல வைச்சார். அண்டைக்கே முடிவெடுத்திட்டன்."

குசினிப் பக்கம் போய் அழுதேன். ஒருவராவது எங்களுக்காக எழும்பினாரே என்று. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க.

கண்ணைத் துடைக்கும்போதுதான் புத்தியில் பட்டது. நாளைக்கு வியாழன்.

யூன் 6, வியாழன்

கதிரை இல்லை. "மொகதெ?" என்றார் ஓஐசி, தலை நிமிராமல். என்ன வேண்டுமென்று. கதிரை அங்கேயேதான் இருந்தது, அதில் அவருடைய தொப்பி.

"உங்கட மந்திரிதுமா ஜனாதிபதியையே போகச் சொல்லுறார். அவற்ற கடிதத்துக்கு நான் ஆளை விட்டா, நான் எங்க போறது?" சிங்களத்தில் பா.உ.தான் மந்திரிதுமா. கோபத்தில் சொல்லவில்லை. நியாயம் சொல்லுகிறமாதிரித்தான் சொன்னார். கடிதம் திரும்பக் கையில். திங்கள் மத்தியானம் எல்லாரையும் தெற்கே தடுப்புமுகாமுக்கு ஏற்றுகிறார்களாம். அங்கே போனால் வருசக்கணக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

தம்பியைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு நிமிசம் பார்த்தேன். இடது காது வீங்கியிருக்கிறது. கேட்டால், நித்திரையில் சுவரில் இடிபட்டதாம்.

"சேர் நல்லவர் தானே அக்கா. இன்னொரு கடிதம் தருவர். நீ பயப்பிடாதை."

கேட்ட சாமான்: பல்லுப்பசை, துவாய், ஒரு கொப்பி. கொப்பி எதற்கடா என்றேன். பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைக்கு வினாத்தாள் போடவேண்டுமாம். கொப்பி உள்ளே விடவில்லை.

ஜனாதிபதியை எதிர்க்கிறவர் ஒரு கிழமை பிந்தி எதிர்த்திருக்கக் கூடாதா. இப்படி யோசிக்கிற நானும் ஒரு மனுசி.

யூன் 7, வெள்ளி

ஒபிசில் ஈ ஓட்டினோம். கடிதத்துக்கு ஒருவரும் வரவில்லை. எங்கள் ஒப்பம் செல்லாக்காசு என்று தாய்மாருக்கு ரேடியோவை விட முன்னமே தெரியும்.

நிசாமிடம் பட்டியலைக் காட்டினேன். வட்டத்தைப் பார் என்றேன். மனுசன் தலையைச் சொறிந்தார்.

"நான் பொய் செல்ல மாட்டேன் மிஸ். அந்த வட்டம் வான்ல பட்டது. கண்டிக்குப் போற வழி. பிளாஸ்க் மூடிய நான்தான் அதுக்கு மேல வச்ச. சேர் தூங்கிட்டு வந்தாரு."

"அப்ப பட்டியலைக் குடுக்கவே இல்லையோ?"

"குடுத்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் வெளியத்தானே நிக்கிற."

சேர் பொய் சொன்னாரா, அல்லது அதை நம்பியே சொன்னாரா? நாளைக்கு நாலு தரம் சொன்னால் எனக்கும் அது ஜனாதிபதியின் கோப்பையாகத்தான் தெரியும். ஏன் எதிர்த்தார் என்று இனி ஒருவரிடமும் கேட்பதில்லை.

பின்னேரம் வெள்ளை உடுப்பில் கட்சிக்காரர் நாலு பேர். சேரின் அறையில் இரண்டு மணித்தியாலம். சுவருக்கால் கேட்டது ஒரு வசனம்தான்: "பிள்ளையளை யோசிச்சுப் பாருங்கோ." யாருடைய பிள்ளைகளை என்று தெரியவில்லை.

யூன் 8, சனி

பிரேரணையில் ஒப்பம் வைத்தவர்களில் எட்டுப் பேர் பின்வாங்கியிருக்கிறார்கள் என்று பேப்பரில். எல்லாருக்கும் ஒரே கதை. ஒப்பம் வைக்கும்போது தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையாம். வெற்றுத்தாளாம். பஸ்ஸில் ஒருவர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடைக்குக் கம்பி போட்டாச்சு.

யூன் 9, ஞாயிறு

நிசாம் வந்து வானில் ஏற்றினார். ஹெந்தளை, சேரின் வீடு. நோனா, சேரின் மனுசி, கிரிபத்தும் வாழைப்பழமும் வைத்தா. ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு எதற்கு நல்லநாள் பாற்சோறு?

சேர் மூன்று நாளாய்ச் சவரம் எடுக்கவில்லை. மேசையில் தட்டின தாள் ஒன்று. வேறு யாரோ தட்டினது, விளிம்பு கோணல். என் பெயர் அதில்.

"எனது பா.உ. வெற்றுத்தாள்களில் ஒப்பமிட்டு என்னிடம் ஒப்படைப்பது வழக்கம். அப்படியான தாளொன்றை அவருக்குத் தெரியாமல், கவனக்குறைவாக, வெளியாருக்குக் கொடுத்தேன். பிரேரணையில் சேர்ந்தது அந்த ஒப்பமே."

"வெற்றுத்தாள் எண்டு மற்ற ஆக்கள் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம். நான் சொன்னா கொட்டாஞ்சேனை முழுக்க நம்பும், மிஸ். உங்களுக்கு ஒண்டும் வராது. கவனக்குறைவு எண்டுதானே போட்டிருக்கு." பிறகு, மெல்லமாக: "தம்பிக்கு இண்டைக்கே கடிதம் தாறன். நாளைக்கு என்ர பேருக்கு மதிப்பு வந்திடும்."

மற்றவர் தட்டினதுக்குக் கீழே நான் ஒப்பம் வைத்தது இதுதான் முதல். என் எழுத்து எவ்வளவு சின்னனாக இருக்கிறது.

அவரும் உடனே ஒரு லெட்டர்ஹெட் எடுத்து, பச்சைப் பேனையால் அடியில் ஒப்பம் வைத்து நீட்டினார். "மெஷின் ஒபிசிலதானே. மேல நீங்கள் தட்டுங்கோ." இருவரும் பழக்க தோசத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை. வாங்கி மடியாமல் பைக்குள் வைத்தேன்.

எனக்கு அவரில் கோபம் வரமாட்டேன் என்கிறது. அதுதான் எரிச்சல். பின்னேரம் ஒபிசைத் திறந்து தட்டினேன். பதினாலு வரியில் முடிந்தது. என் தம்பிக்கு மட்டும் ஒரு வரி கூடப் போட்டேன்: "இவர் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்."

யூன் 10, திங்கள்

ஸ்டேஷன் வாங்கில் இருந்து எழுதுகிறேன். வெயில். நான் ஒப்பம் வைத்த தாள் எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது, என் பெயரோடு.

ஒன்பதரைக்கு: "வாடிவென்ன மிஸ்." கதிரை திரும்ப வந்தது. ஓஐசி கடிதத்தை வாசித்தார், தலையாட்டினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பேப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதைச் சொன்னது ஆர்? மந்திரிதுமாவா, நீங்களா?"

"அவர்தான். எனக்கு முன்னாலதான் ஒப்பம் வைச்சவர்."

கடைசி வரியில் விரலை வைத்தார். பதினைந்தாவது வரி. இடம் போதாமல் ஒப்பத்தின் தலையில் ஏறி நிற்கிறது. பச்சை மைக்கு மேலே கறுப்பு எழுத்து.

"ஒப்பம் முதல், எழுத்துப் பிறகு. நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறீங்கள், இப்பிடித்தான் வழக்கம் எண்டு." கத்தவில்லை. "இனி இந்த ஒப்பத்தை நான் எப்பிடி நம்புறது? ஆள் வந்து வாயால சொல்லட்டும். ரெண்டு மணிக்கு லொறி."

முன் கடை ரெலிபோனில் மூன்று தரம். மூன்றாம் தரம் நிசாம் எடுத்தார். "சேர் இல்ல மிஸ். ஜனாதிபதியப் பாக்கப் போன. மாலையும் வாங்கிட்டுப் போன. எப்ப வருவாருன்னு செல்லல்ல."

12.50. சேர் இன்னும் இல்லை.

1.20. லொறி வந்து பின்பக்கம் நிற்கிறது. பலகை இறக்குகிறார்கள்.

1.40. வரிசையாக நிற்பாட்டியிருக்கிறார்கள். குகன் நாலாவது. இங்கே எழுதுகிறதைக் கண்டுவிட்டான். கூப்பிட்டுக் கேட்கிறான், எல்லாருக்கும் கேட்க: "அக்கா, சேர் கடிதம் தந்தவரே?"

தந்தவர் என்றேன்.